புழுவுக்கு இரண்டு கதவு

போன வாரம் தருமபுரி மார்க்கெட்டுக்குப் பட்டுக்கூடு கொண்டுபோனோம். நானும் வீட்டுக்காரரும்.

வாங்க வந்தவர் ஒரு கூட்டைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"போன தடவை இப்படி இல்லீங்களே. கூடு நல்லா கெட்டியா இருக்குது. யாருங்க புழு பார்த்தது?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பார்த்தவள் பெயர் செல்வி. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம். அவள் அன்று மார்க்கெட்டில் இல்லை. எங்கே இருந்தாள்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு மல்பெரித் தோட்டம் உண்டு என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பென்னாகரம் பக்கம். குட்டிப் புழுவை ஷெட்டில் இறக்கிய நாளிலிருந்து கூடு அறுக்கும் நாள் வரை வேறு நினைப்பு இருக்காது. கல்யாணம், கருமாதி, எதற்கும் போகமாட்டோம். ஊரும் கோபித்துக்கொள்ளாது. "புழு இருக்குது" என்றால் போதும்.

இந்தத் தடவை குட்டிப் புழுக்களைக் கொண்டுவந்து விட்ட மறுநாள் காலை. இலை அறுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செல்வி வரப்பில் வந்து நின்றாள். முந்தானையைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"அக்கா, எலை அறுக்க ஆளு வேணுங்களா?"

"முந்தானையை எடு."

"சும்மாதாங்க்கா."

"எடு செல்வி."

எடுத்தாள். ஒரு காதில் தோடு இருந்தது. இன்னொரு காதில் தோடும் இல்லை, தோடு போடும் இடமும் இல்லை. கிழிந்திருந்தது.

"ஆளு வேணும்," என்றேன். "தினக்கூலி இல்ல. புழு முடியற வரைக்கும் ஷெட்டுலயே தங்கணும். முடியுமா?"

"அதுக்குத்தாங்க்கா வந்தேன்."

எங்கள் பக்கத்துப் பெண்கள் 'காப்பாத்து' என்று கேட்கமாட்டார்கள். வேலை இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். கேட்கிறவருக்குப் புரிய வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். செல்வியின் வீட்டுக்காரன் மாதேசு, என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. பங்காளி பொண்டாட்டியை வீட்டில் வைத்தால் மறுநாளே நாலு பேர் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? புருஷன் பொண்டாட்டி இன்னைக்கு அடிச்சிக்குவாங்க, நாளைக்குச் சேர்ந்துக்குவாங்க..." இப்படி ஆரம்பிக்கும். அவளை அனுப்பும்வரை ஓயாது.

ஆனால் புழு வேலைக்கு வந்தவள் என்றால்? ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். புழு பார்க்க ஆள் தங்குவது ஊர் வழக்கம்.

ஷெட் எங்கள் வீட்டைவிட நன்றாக இருக்கும். பொய் இல்லை. அரசாங்க மானியத்தில் கட்டியது. ஜன்னலுக்கெல்லாம் வலை, ஈ நுழையக் கூடாது. வெயில் ஏறினால் நனைத்த கோணியைத் தொங்கவிடுவோம். கதவு இரண்டு. முதல் கதவைத் திறந்தால் சின்ன அறை. அங்கே தட்டில் பிளீச்சிங் தண்ணீர் இருக்கும். கால் நனைத்து, கை கழுவி, முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும். பீடி பிடித்தவர் வரக் கூடாது. பூச்சிமருந்து அடித்தவர் வரக் கூடாது. வெளி ஆள் யாருமே வரக் கூடாது. இதெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் மானியமே கொடுத்தார்கள்.

செல்வி அந்தச் சின்ன அறையில் பாய் போட்டுக்கொண்டாள். வெளிச் சுவரில் திட்டத்தின் பெயர் எழுதியிருக்கும். கீழே 'பயனாளி' என்று போட்டு என் வீட்டுக்காரர் பெயர். முதல் நாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அண்ணன் பேரு போட்டிருக்குது. அவருக்கா கட்டிக் கொடுத்தாங்க?"

"புழுவுக்கு."

"பாவம் அண்ணன். ஒரு நாளாவது உள்ள தூங்கியிருப்பாரா?"

கிழிந்த காதோடு இப்படிப் பேசுகிறவள்.

வேலை தெரிந்தவள். பிறந்த வீட்டிலேயே புழு பார்த்திருக்கிறாள். தண்டோடு இலையை அறுத்து வந்து தட்டில் பரப்புவாள். ஈரம் இருந்தால் உதறுவாள். வாடியது இருந்தால் எடுத்துவிடுவாள். செத்த புழு ஒன்று கிடந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. பேசிக்கொண்டே செய்வாள், புழுவோடு.

"தின்னுங்க சாமிங்களா. உங்களுக்கு வாயி தின்னத்தான் இருக்குது. திட்டத் தெரியாது."

புழு தோல் உரிக்கிற சமயம் மாதேசு வந்தான். தோல் உரிக்கும்போது புழு அசையாது, தின்னாது. இலை போடக் கூடாது. சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். அந்த நேரம் பார்த்து வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு ஷெட் கதவு வரை வந்துவிட்டான்.

"அண்ணி, அவள வெளிய வரச் சொல்லுங்க."

"புழு தோல் உரிக்குது மாதேசு."

"ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன். நானே உள்ள போயிக்கறேன்."

கதவில் கை வைத்தான். வீட்டுக்காரர் அதுவரை கோணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"கையில என்னாடா நாத்தம்?"

"தக்காளிக்கு மருந்து அடிச்சிட்டு நேரா வர்றேண்ணா."

"அந்தக் கையோட உள்ள போனா ஒரு புழு மிஞ்சாது. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஊரு கேக்கும் உன்னை. போறதா இருந்தா போ."

கதவிலிருந்து கையை எடுத்தான்.

எடுத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்த்தான். அவன் அப்பனும் புழு வளர்த்தவர்தான். அடுத்தவர் புழுவை அழித்தவன் என்று பேர் எடுத்தால் இந்த வட்டாரத்தில் அவனுக்கு யாரும் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள்.

"அவளுக்கு எலை அறுக்கவா தெரியும்? அருவா பிடிக்கத் தெரியாது அவளுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே போனேன். செல்வி இரண்டாவது கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கையில் அரிவாள்.

"கேட்டுச்சாக்கா? எனக்கு அருவா பிடிக்கத் தெரியாதாம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் அவள் பிடியை விடவில்லை. அரிவாளை வாங்கிக் கீழே வைத்தேன்.

பொண்டாட்டியின் காதைக் கிழிக்க யோசிக்காதவன், புழுவுக்கு யோசித்தான். ஏன்? புழு என்றால் ஊர் கேட்கும்.

"போலீசுக்குப் போலாமா?" என்று அன்று கேட்டேன்.

"முன்னாடியே போனேங்க்கா. நல்லாத்தான் கேட்டாங்க. அவர வரச் சொல்லி அப்படித் திட்டினாங்க. எனக்கே பாவமா போச்சு. இனிமே அடிக்கமாட்டேன்னு எழுதி வாங்கினாங்க. அப்புறம் ரெண்டு பேரையும் ஒரே பஸ்ஸுல ஏத்தி அனுப்பினாங்க."

"ஒரே பஸ்ஸுலயா?"

"வேற எங்கக்கா அனுப்புவாங்க? என் அட்ரஸும் அதுதானே."

யோசித்துப் பாருங்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. திட்டலாம், கேஸ் போடலாம், எச்சரிக்கலாம். சாயங்காலம் ஆனால் அந்தப் பெண் எங்காவது படுக்க வேண்டுமே. அதற்கு அவர்கள் கையில் என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாப்தான் இருக்கிறது.

பிறந்த வீடு? அம்மா அப்பா இல்லை. அண்ணன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. கட்டுகிற கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் குடும்பம். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, இங்க நாங்களே காலை நீட்ட முடியாம கெடக்கிறோம். கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. கோகிலா படிச்சி முடிக்கட்டும்."

அவனும் கெட்டவன் இல்லை.

கோகிலா, செல்வியின் மகள். பத்தாவது. பென்னாகரத்தில் அரசு மாணவியர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டுச் சத்தம் காதில் விழாமல் படிக்கட்டும் என்று செல்விதான் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பெண்களுக்கான உதவி எண்ணுக்கு நான் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். சின்னக் குரல். பொறுமையாகக் கேட்டாள். சில நாள் தங்க இடம் இருக்கிறது என்றாள். வண்டிகூட அனுப்புகிறோம் என்றாள்.

"சில நாளுக்கு அப்புறம்மா?"

"வேற மாவட்டத்துல ஒரு ஹோம் இருக்குதுங்க. அங்க மாத்தலாம். பொண்ணையும் கூட்டிட்டுப் போலாங்க."

"அவ ஸ்கூலு?"

"அங்க சேர்த்துக்கலாங்க."

"பத்தாவதும்மா. நடு வருஷத்துல எப்படி மாத்தறது?"

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "எனக்குப் புரியுதுங்கம்மா. பக்கத்துல இல்லீங்க."

அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. கையில் இடம்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் விடுதிக்குப் போனோம். செல்வி தலைக்குக் குளித்து, முடியைக் காதுமேல் இழுத்துவிட்டு வாரியிருந்தாள். முறுக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டாள். கோகிலா வந்ததும் முதலில் அம்மாவின் முடியைத்தான் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தாள்.

கிளம்பும்போது கேட்டாள். "அம்மா, காலாண்டு லீவுக்கு ஆஸ்டல் மூடிடுவாங்க. நான் எந்த வூட்டுக்கு வர்றது?"

"நம்ம வூட்டுக்குத்தான்."

"நீ அங்க இருப்பியா?"

செல்வி மகளின் தாவணியைச் சரிசெய்துவிட்டாள்.

நாங்கள் திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. செல்வி ஜன்னல் ஓரம்.

"எனக்கும் ஒரு ஆஸ்டல் இருந்தா தேவலைக்கா," என்றாள். "மணி அடிச்சா சோறு. மணி அடிச்சா தூக்கம். கேட்டுல வாட்ச்மேன். எம்பொண்ணு எவ்வளவு தெம்பா கேள்வி கேக்குறா பாருங்க."

"லீவுக்கு அவ எங்க வூட்டுக்கு வரட்டும். நீயும் வா. யாரு என்னா சொல்றாங்கன்னு பார்த்துக்கலாம்."

தலையை ஆட்டினாள். சரி என்றும் இல்லை. வேண்டாம் என்றும் இல்லை.

கடைசித் தோல் உரித்த பிறகு புழு வெறிகொண்டு தின்னும். இலை அறுத்து மாளாது. அது தின்னும் சத்தத்தில் பக்கத்தில் நின்று அழுதால்கூடக் கேட்காது. செல்வி அழவில்லை. இல்லை... எனக்குக் கேட்கவில்லையோ என்னவோ.

அப்புறம் ஒரு காலையில் சத்தம் குறைந்திருந்தது. புழு பழுக்க ஆரம்பித்துவிட்டது. பழுத்த புழு உடம்பு மினுமினுக்கும். தலையைத் தூக்கி ஆட்டும். கூடு கட்ட இடம் தேடும். புழு ஏறிக் கூடு கட்டுகிற வலையை விரிக்கப் போனேன். செல்வி கையில் இலைக்கட்டோடு நின்றாள்.

"இன்னும் ஒரு வேளை எலை போடலாமாக்கா?"

வேலை தெரிந்தவள். அவளுக்குத் தெரியாததா?

"பழுத்த புழு எலை தின்னாது செல்வி."

"ஒரு வேளை போட்டுப் பார்க்கலாங்க்கா."

போட்டாள். ஒரு புழுகூட வாய் வைக்கவில்லை. அந்த இலைகளின் மேலேயே ஏறி நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளே இலையை வாரிவிட்டு வலையை விரித்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதேசு அதற்கப்புறம் ஷெட் பக்கமே வரவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்தேன். பயமில்லை. புழு எப்போது இறங்கியது, எப்போது தோல் உரித்தது, எப்போது கூடு கட்டும்... எல்லாம் அவனுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். செல்வியின் அடைக்கலம் எப்போது முடியும் என்று ஊருக்கே தெரியும். அவன் அவசரப்பட வேண்டிய அவசியம் என்ன? வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

கூடு அறுத்த அன்று காலை வந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முதல் கதவைத் திறந்து, சின்ன அறையில் இருந்த தட்டில் கால் நனைத்தான். புழுவே இல்லாத ஷெட்டில்.

"மூட்டை தூக்க ஆளு வேணுமில்லீங்க அண்ணி?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுவிட்டான். எல்லா மூட்டையும் அவன்தான் வண்டியில் ஏற்றினான். கூடு நசுங்காமல், பூப்போல. உதவிக்கு வந்தவனை எப்படி விரட்டுவது?

செல்வி உள்ளே தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ இரு," என்றேன். "போவாத. வூட்டுக்கு வா."

"வேணாங்க்கா. அப்புறம் அது உங்க வூட்டுச் சண்டையாயிடும்."

"ஆவட்டும்."

"கோகிலாவுக்கு லீவு விடறாங்கக்கா. அவ வரும்போது நான் அங்க இல்லேன்னா, அவளும் அவரும் மட்டும் இருப்பாங்க."

நீங்களாக இருந்தால் என்ன பேசியிருப்பீர்கள்?

பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள். கையோடு எடுத்துப் போகவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். நாங்கள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். கொஞ்ச தூரம் ஒரே ரோடு. அவன் பைக் முன்னால், எங்கள் வண்டி பின்னால். பிறகு அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

மார்க்கெட்டில் அந்த ஆள், யாருங்க புழு பார்த்தது என்று கேட்டபோது அவள் எங்கே இருந்தாள் என்று இப்போது தெரிந்திருக்கும்.

நான் படித்தது எட்டாவது. பெரிய திட்டமெல்லாம் சொல்லத் தெரியாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

புழுவுக்கு வீடு கட்ட அரசாங்கம் பணம் கொடுத்தது. கொடுக்கட்டும். புழு பிழைத்தால்தான் நாங்கள் பிழைப்போம். மாட்டுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. விதைக்குக் கிடங்கு இருக்கிறது. படிக்கிற பெண்ணுக்கு விடுதி இருக்கிறது. நல்லதுதான். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு? பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில், தாலுகாவுக்கு ஓர் இடம் வேண்டாமா? இரண்டு கதவு, ஒரு வாட்ச்மேன், படுக்க ஒரு பாய். கூடு அறுக்கும் நாள் இல்லாத இடம். எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகும் நாளை அவள்தான் முடிவு செய்வாள் என்கிற இடம்.

யாராவது புண்ணியவான் கட்டிக் கொடுப்பார் என்று சொல்லாதீர்கள். புண்ணியவானுக்கு மனசு மாறும். எனக்கே புழு இருந்தால்தான் இடம் கொடுக்க முடிந்தது. அரசாங்கம்தான் கட்ட வேண்டும். அது அவள் பணமும்தான். சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறாள்.

'குடும்ப விஷயத்தை வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்' என்று நீங்கள் யாராவது எழுதுவீர்கள். போன தடவையும் எழுதினீர்கள். வீட்டுக்குள் தீர்த்துக்கொண்டதால்தான் அந்தக் காது அப்படி இருந்தது.

முந்தாநாள் செல்வி போன் செய்தாள். குரல் தாழ்ந்திருந்தது. பின்னால் கோகிலா சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதட்டுமா செல்வி, உன்னைப் பத்தி?"

"எழுதுங்கக்கா. பேரு மட்டும் வேணாம். பாயி அங்கயேதான இருக்குது?"

"இருக்குது."

"அடுத்த புழு எப்பக்கா?"

ஷெட்டைக் கழுவ வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், காயவிட வேண்டும். அதைவிடத் தோட்டம் தழைய வேண்டும். அறுத்த செடி துளிர்விட்டு இலை முற்றினால்தான் புழு இறக்க முடியும். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

"சரிங்க்கா," என்றாள். "அது வரைக்கும் பார்த்துக்கறேன்."

நேற்று வீட்டுக்காரர் தோட்டத்துக்கு வந்தார். வாய்க்காலைப் பார்த்தார்.

"நேத்துத்தானே தண்ணி கட்டின? ஈரம் இருக்குதே. இன்னைக்கும் எதுக்கு?"

நான் மண்வெட்டியை நிறுத்தவில்லை. அவரே போய் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

இலை சீக்கிரம் வரட்டும்.